எதிர்ப்பு ரகம் என்றால் என்ன? பயிர் தன்னைக் காத்துக்கொள்ளும் விதம்

நெற்பயிரின் ஓர் இலை மீது ஒரே நாளில் எத்தனையோ வகைப் பூஞ்சைகளின் வித்துகள் வந்து விழுகின்றன. காற்று சிலவற்றைக் கொண்டுவரும், மழைத்துளி சிலவற்றைத் தெறிக்கவைக்கும், பூச்சிகளின் காலில் ஒட்டிக்கொண்டு சில வரும். கோதுமையைத் தாக்கும் துருப் பூஞ்சை அவற்றில் இருக்கலாம், திராட்சையைத் தாக்கும் சாம்பல் நோய்ப் பூஞ்சையும் இருக்கலாம். நெல்லை அவை ஒன்றும் செய்வதில்லை. நெல்லுக்கே உரிய கிருமிகளிலும் நிறைய, முளைத்த இடத்திலேயே செத்துப்போகின்றன. பயிருக்கு நோய் வருவது விதிவிலக்கு, வராமல் இருப்பதுதான் வழக்கம். வயலுக்குப் போகும்போது நம் கண்ணில் படுவதெல்லாம் பயிர் தோற்ற இடங்கள். அது ஜெயித்த இடங்கள் பச்சையாகவே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

இந்த வெற்றி எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டால், விதைப் பையில் போட்டிருக்கும் ‘எதிர்ப்புத்திறன் உள்ள ரகம்’ என்ற வாசகத்தைச் சரியாகப் படிக்க முடியும். அந்த வாசகம் ஒரு பொதுவான உறுதிமொழி மாதிரி தெரிகிறது. உண்மையில் ஒவ்வொரு எதிர்ப்பும் குறிப்பிட்ட ஒரு கிருமிக்கோ பூச்சிக்கோ எதிரானது. அதற்கென்று ஒரு விலை உண்டு, ஓர் ஆயுளும் உண்டு.

முதலில் ஓர் அடிப்படை வித்தியாசம். நம் உடம்பில் கிருமி நுழைந்தால் இரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள் தேடிப் போய்ப் பிடிக்கின்றன. செடிக்கு இரத்தம் கிடையாது, அங்கிருந்து இங்கே நகரும் காவல் செல்களும் கிடையாது. ஒவ்வொரு செல்லும் நாலு பக்கமும் சுவர் எழுப்பிக்கொண்டு நின்ற இடத்தில் நிற்கிறது. அதனால் வேர் நுனி முதல் பூவிதழ் வரை ஒவ்வொரு செல்லும் எதிரியை அடையாளம் காணவும், பதில் கொடுக்கவும், பக்கத்துச் செல்லை எச்சரிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்கிறது என்பதுதான் வியப்பு.

வாசலில் நடப்பது

இலையின் மேல்தோலை மெழுகுப் படலம் மூடியிருக்கிறது. முட்டைக்கோஸ் இலையில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு விழுமே, அது இந்த மெழுகினால்தான். பெரும்பாலான பூஞ்சை வித்துகள் முளைக்க ஈரம் வேண்டும். தண்ணீர் நிற்காத இலையில் அவற்றுக்கு வேலை கடினம்.

பாக்டீரியாவுக்குத் தோலைத் துளைக்கத் தெரியாது. காயம் வழியாகவோ, இலை மூச்சுவிடும் இலைத்துளைகள் வழியாகவோதான் உள்ளே போக வேண்டும். இலைத்துளை வெறும் ஓட்டை என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். பாக்டீரியா இலை மீது வந்து சேர்ந்ததை உணர்ந்ததும் செடி அந்தத் துளைகளை மூடிக்கொள்கிறது என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: தக்காளியைத் தாக்கும் ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியா, கொரோனாடின் என்ற நச்சைச் சுரந்து மூடிய துளையைத் திரும்பவும் திறக்கவைக்கிறது. செடி ஒரு தடை போட்டால் அதைத் தாண்ட ஒரு கிருமி வழி கண்டுபிடித்திருக்கும். இந்த விஷயம் முழுக்க இப்படித்தான் போகும்.

பூச்சிகளுக்கு எதிரான வாசல் தடை இலையில் இருக்கும் ரோமங்கள். பருத்தியில் இது தெளிவாகத் தெரியும். இலையின் அடிப்பக்கம் நீளமான, அடர்ந்த ரோமம் உள்ள ரகங்களில் தத்துப்பூச்சியால் வசதியாக உட்கார்ந்து சாறு உறிஞ்சவோ முட்டையிடவோ முடிவதில்லை. அதனால் அந்த ரகங்கள் தத்துப்பூச்சிக்குத் தாக்குப்பிடிக்கின்றன. ஆனால் வெள்ளை ஈக்கு ரோமம் உள்ள இலைதான் பிடிக்கும். ஒரு பூச்சிக்குப் போட்ட தடை இன்னொரு பூச்சிக்கு விரித்த படுக்கையாகிவிடுகிறது. தத்துப்பூச்சிக்கு எதிரான ரகம் என்பதை வைத்துச் சாறு உறிஞ்சும் பூச்சி எதுவும் வராது என்று முடிவுகட்டக் கூடாது.

ஒரு வித்து நெல் இலையில் விழுகிறது

நெல்லின் குலை நோயைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். உலகில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட பயிர் நோய்களில் இது ஒன்று. செடிக்கும் கிருமிக்கும் நடுவே நடக்கும் முக்கியமான கட்டங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன.

குலை நோய்ப் பூஞ்சையின் வித்து, கண்ணுக்குத் தெரியாத, மூன்று அறைகள் கொண்ட சின்னப் பேரிக்காய் வடிவம். ஈரமான இலையில் விழுந்ததும் நுனியிலிருந்து பசை கசிந்து ஒட்டிக்கொள்கிறது. ஓரிரு மணி நேரத்தில் முளைக்குழாய் நீள்கிறது. மேற்பரப்பு கடினமாக, மெழுகாக இருப்பதை அந்தக் குழாய் உணர்ந்ததும் அதன் நுனி உருண்டு கும்மட்டம் போல ஆகிறது. அதன் உட்சுவரில் மெலனின் என்ற கருநிறமி படிகிறது. உள்ளே கிளிசரால் சேர்ந்து, அது தண்ணீரை இழுக்க இழுக்க அழுத்தம் ஏறுகிறது. மெலனின் சுவர் கிளிசராலை வெளியே விடாது. இப்படி அந்தக் கும்மட்டத்துக்குள் உருவாகும் அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை அளக்கப்பட்டிருக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 80 மடங்கு. அந்த அழுத்தம் முழுவதும் அடியிலுள்ள ஒரு மெல்லிய முளை வழியாக இலைத் தோலின் மேல் இறங்குகிறது. தோல் துளைபடுகிறது.

இங்கே ஒரு சின்ன விலகல். குலை நோய்க்குத் தெளிக்கும் டிரைசைக்ளசோல் பூஞ்சையை நேரடியாகக் கொல்வதில்லை. மெலனின் உண்டாவதைத்தான் தடுக்கிறது. மெலனின் இல்லாவிட்டால் அழுத்தம் நிற்காது, துளையும் விழாது. நோய் உள்ளே போன பிறகு அடித்தால் அந்த மருந்து பெரிதாக உதவாததற்குக் காரணம் இதுதான்.

சரி, செடி என்ன செய்கிறது? நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை ஏராளமாக எடுத்துக்கொள்ளும் பயிர். அதன் வைக்கோலின் உலர் எடையில் 10 சதவீதம் வரைகூட சிலிக்கா இருக்கும். தோலுக்கு அடியில் படியும் இந்தச் சிலிக்கா துளையிடுவதைக் கடினமாக்குகிறது. சிலிக்கா குறைந்த மண்ணில் குலை நோய் கூடுவது பல நாடுகளில் கண்ட அனுபவம்.

தடை இதோடு முடிவதில்லை. பூஞ்சையின் சுவர் சைட்டின் என்ற பொருளால் ஆனது. நெல்லின் செல்கள் மேல் சைட்டின் துண்டுகளை உணரும் ஏற்பிப் புரதங்கள் இருக்கின்றன. செடியின் உடலில் எங்கும் சைட்டின் கிடையாது. எனவே சைட்டின் தட்டுப்பட்டால் வந்திருப்பது வெளி ஆள் என்பது உறுதி. பாக்டீரியா என்றால் அது நீந்தப் பயன்படுத்தும் வாலின் புரதமே காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பொது அடையாளங்களைக் கிருமியால் சுலபமாக மாற்றிக்கொள்ள முடியாது. மாற்றினால் அதன் உடம்பே கெட்டுவிடும்.

அடையாளம் தெரிந்த சில நிமிடங்களில் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான பொருள்கள் வெளிப்படுகின்றன. பூஞ்சை துளைக்க முயலும் அதே இடத்தில், உட்புறமாக, செல்சுவர் தடித்து ஒரு முட்டு எழும்புகிறது. பூஞ்சையின் சுவரைக் கரைக்கும் நொதிகளும் தயாராகின்றன. பெரும்பாலான வித்துகளின் கதை இங்கே முடிந்துவிடும்.

குலை நோய்ப் பூஞ்சைக்கு இதற்கும் பதில் உண்டு. தன்னிடமிருந்து உதிரும் சைட்டின் துண்டுகளைத் தானே பிடித்து மறைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தை அது வெளியிடுகிறது. துண்டு ஏற்பியைச் சேராவிட்டால் எச்சரிக்கை மணியும் அடிக்காது. இது மாதிரி செடியின் காவலை முடக்க ஒவ்வொரு கிருமியும் பல புரதங்களைச் செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் செலுத்துகிறது. நோய்க்கிருமி என்று ஒன்று ஒரு பயிருக்கு இருக்கிறதென்றால், அந்தப் பயிரின் முதல் காவலை முடக்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்றே அர்த்தம்.

ஆளை அடையாளம் காணும் மரபணுக்கள்

ரகத்துக்கு ரகம் எதிர்ப்பு மாறுபடுவது பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தில்தான். செடியின் செல்லுக்குள்ளே இன்னொரு வகைக் காவல் புரதங்கள் இருக்கின்றன. கிருமி உள்ளே அனுப்பும் முடக்குப் புரதங்களையே இவை அடையாளம் காண்கின்றன. ஒரு நெல் ரகத்தில் இவற்றுக்கான மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் உண்டு.

இந்த எதிர்ப்பு, பரம்பரையாக இறங்கும் என்பதைக் கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபன் 1905இல் கோதுமையின் மஞ்சள் துரு நோயை வைத்துக் காட்டினார். அது கிருமியையும் பொறுத்தது என்று காட்டியவர் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் வேலைபார்த்த ஹெரால்டு ஃப்ளோர். ஆளி விதைச் செடியையும் அதன் துரு நோயையும் வைத்து 1940களில் அவர் செய்த ஆய்வுகளில், செடியின் ஓர் எதிர்ப்பு மரபணு வேலை செய்ய வேண்டுமென்றால் கிருமியிலும் அதற்கு ஈடான ஒரு மரபணு இருக்க வேண்டும் என்பது வெளிப்பட்டது. இரண்டு பக்கமும் பொருந்தினால் செடி தப்பிக்கும். கிருமியின் மரபணு கொஞ்சம் மாறினாலும், அடியோடு தொலைந்தாலும், செடியின் மரபணு இருந்தும் பயனில்லை. ஒரே ஒரு திருடனின் புகைப்படத்தை மட்டும் கையில் வைத்திருக்கும் காவல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திருடன் மீசையை எடுத்துவிட்டு வந்தால் அவர் கதவைத் திறந்து விட்டுவிடுவார்.

பொருந்திவிட்டால் நடப்பது அதிரடியான காரியம். தாக்கப்பட்ட செல் தன்னைத் தானே கொன்றுகொள்கிறது. சுற்றியுள்ள சில செல்களும் சேர்ந்து சாகலாம். ஆரம்பக் கட்டத்தில் உயிருள்ள செல்லில்தான் குலை நோய்ப் பூஞ்சையால் வளர முடியும். செத்த செல்லுக்குள் அது சிக்கிக்கொள்கிறது. வயலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எதிர்ப்பு இல்லாத ரகத்தின் இலையில், இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட கண் வடிவப் புள்ளிகள் வரும். அந்தச் சாம்பல் நடுப்பகுதியில் புது வித்துகள் உற்பத்தியாகிக்கொண்டிருக்கும். எதிர்ப்புள்ள ரகத்தின் இலையில் குண்டூசித் தலையளவு பழுப்புப் புள்ளி தோன்றி அப்படியே நின்றுவிடும். புள்ளியைப் பார்த்ததும் மருந்தை எடுப்பதற்கு முன்னால், அது இந்த இரண்டில் எது என்று உற்றுப் பார்ப்பது நல்லது. குண்டூசிப் புள்ளி, செடி ஜெயித்ததன் தடயம்.

செல் சாவது எல்லா நோய்க்கும் மருந்தாகாது. சில பூஞ்சைகள் செல்லைக் கொன்று, செத்ததைத் தின்று வாழ்பவை. அவற்றுக்கு முன்னால் செல் தற்கொலை செய்வது எதிரிக்கு உதவுவதில்தான் முடியும். 1940களில் அமெரிக்காவின் ஓட்ஸ் வயல்களில் இது நடந்தது. ஒரு துரு நோயைத் தடுப்பதற்காக விக்டோரியா என்ற ரகத்தின் எதிர்ப்பை எடுத்துப் புது ரகங்களில் புகுத்தினார்கள். துரு நோய் நின்றது. அப்புறம் 1946 வாக்கில், அதுவரை பெரிதாகக் கண்டுகொள்ளப்படாத வேறொரு பூஞ்சை அந்த ரகங்களை மட்டும் குறிவைத்து அழித்தது. விக்டோரியா எதிர்ப்போடு வந்த மரபுத்தன்மைதான் அதற்கு நுழைவாயில் ஆகியிருந்தது.

கடித்த இலை அனுப்பும் செய்தி

புழு கடிக்கும்போது நடப்பது வேறு வகை. 1972இல் கிளாரன்ஸ் ரையனும் அவருடைய மாணவரும் உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளில் ஒன்றைக் கவனித்தார்கள். வண்டு ஓர் இலையைக் கடித்தால், கடிபடாத மற்ற இலைகளிலும் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் சேர்கிறது. அந்த இலையைத் தின்னும் பூச்சிக்கு வயிறு நிறையும், சத்து சேராது. வளர்ச்சி மட்டுப்படும்.

ஓர் இலையில் நடந்தது இன்னோர் இலைக்கு எப்படித் தெரிகிறது? கால்சியம் இருக்கும் இடத்தில் ஒளிரும் புரதத்தைச் செடியில் வைத்து, புழுவை விட்டுப் படம்பிடித்து 2018இல் வெளியிட்டார்கள். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடிதான் சோதனைக்கு. கடித்த இடத்திலிருந்து ஒளி அலை கிளம்பி, நொடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் இலை நரம்பு வழியே ஓடி, ஓரிரு நிமிடத்தில் தூரத்து இலைகளைத் தொடுகிறது. அதைத் தொடர்ந்து அங்கே ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. பூச்சிக்கு எதிரான பெரும்பாலான ஏற்பாடுகளைத் தட்டி எழுப்புவது இந்த ஹார்மோன்தான்.

உயிருள்ள செல்லில் வாழும் நோய்க்கிருமிகளுக்கு எதிரான ஹார்மோன் வேறு: சாலிசிலிக் அமிலம். புகையிலையின் சில இலைகளில் தேமல் வைரஸைத் தடவி, சில நாள் கழித்து மற்ற இலைகளிலும் தடவினால் அங்கே புண்கள் குறைவாகவும் சிறியதாகவும் வருகின்றன என்று ஃபிராங்க் ராஸ் 1961இல் காட்டினார். ஒரு முறை அடிபட்ட செடி முழுக்க உஷாராகிவிடுகிறது. இதில் சாலிசிலிக் அமிலத்துக்கு முக்கியப் பங்கு உண்டு என்பது பின்னால் தெரியவந்தது. இந்த இரண்டு ஹார்மோன்களும் பெரும்பாலும் ஒன்றையொன்று அமுக்கும். நோயோடு மும்முரமாகப் போராடும் செடி அதே நேரத்தில் புழுவுக்கு இடம் கொடுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மக்காச்சோளத்துடையது. படைப்புழு இனத்தைச் சேர்ந்த ஒரு புழு இளம் மக்காச்சோளத்தைக் கடித்தால், சில மணி நேரத்தில் செடி ஒரு தனி வாசனையை வெளியிடுகிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒட்டுண்ணிக் குளவிகள் வருகின்றன. அவை புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே புழுவைத் தின்றுவிடும். 1990இல் இதை விளக்கியவர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள். இலையைப் பிளேடால் கீறினால் அந்த அளவுக்கு வாசனை வருவதில்லை. கீறிய இடத்தில் புழுவின் வாய்நீரைத் தடவினால் வருகிறது. 1997இல் அந்த வாய்நீரிலிருந்து வோலிசிடின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கடித்தது காற்றோ கல்லோ இல்லை, புழுதான் என்று செடிக்குத் தெரிவது அதனால்தான்.

மண்ணுக்கு அடியிலும் இது நடக்கிறது. வேரைத் தின்னும் வண்டுப்புழு கடித்தால் மக்காச்சோள வேர் கேரியோஃபிலீன் என்ற பொருளைக் கசியவிடும். அதை மோப்பம் பிடித்து நூற்புழுக்கள் வந்து வண்டுப்புழுவைக் கொல்லும். ஆனால் வட அமெரிக்காவில் வளர்க்கப்படும் பெரும்பாலான மக்காச்சோள ரகங்களுக்கு இந்தத் திறன் இல்லை என்று 2005இல் தெரியவந்தது. மகசூலையே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில், யாருக்கும் தெரியாமல் அது கைவிட்டுப்போய்விட்டது.

பருத்தியிலும் இப்படி ஒரு பாடம் உண்டு. பருத்தியின் கரும்புள்ளிச் சுரப்பிகளில் இருக்கும் காசிப்பால் என்ற நச்சு, விதையையும் பிண்ணாக்கையும் பயன்படுத்தத் தடையாக இருந்தது. அதனால் அந்தச் சுரப்பியே இல்லாத ரகங்களை உருவாக்கினார்கள். வழக்கமாகப் பருத்தியைத் தொடாத பூச்சிகள்கூட அந்தச் செடிகளைத் தேடி வந்து தின்றன. நமக்குக் கசந்தது பூச்சிக்கும் கசந்துகொண்டிருந்தது. சில பூச்சிகள் அந்தக் கசப்பையே வழிகாட்டியாக்கிக்கொள்வதும் உண்டு. கடுகுக் குடும்பச் செடிகளின் காரமான பொருள்கள் பல பூச்சிகளை விரட்டும். வைரமுதுகு அந்துப்பூச்சிக்கோ அந்தப் பொருள்தான் முட்டையிட ஏற்ற செடி இது என்று சொல்லும் அடையாளம். அதன் புழுவிடம் அந்த நச்சைச் செயலிழக்கச் செய்யும் நொதி இருக்கிறது.

வைரஸ் விஷயம் தனி. அது செல்லுக்குள் புகுந்து தன் ஆர்.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும்போது, செடி அந்த ஆர்.என்.ஏ.வைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, அந்தத் துண்டுகளையே மாதிரியாக வைத்துக்கொண்டு மீதியையும் தேடி நறுக்குகிறது. வளையப்புள்ளி வைரஸ் தாக்கிய புகையிலையில் கீழ் இலைகள் நோயோடும், பிறகு வந்த மேல் இலைகள் நலமாகவும் இருந்ததை 1928இலேயே பதிவுசெய்திருக்கிறார்கள். காரணம் புரிய 1990களின் கடைசி வரை ஆனது. வைரஸ்களும் சும்மா இருப்பதில்லை. இந்த நறுக்கும் வேலையைக் கெடுக்கும் புரதங்களைப் பெரும்பாலான பயிர் வைரஸ்கள் கையோடு கொண்டுவருகின்றன.

தாங்கிக்கொள்வதும் ஒரு திறன்தான்

பூச்சிக்கு எதிரான திறனை அமெரிக்கப் பூச்சியியலாளர் ரெஜினால்ட் பெய்ன்டர் 1951இல் மூன்றாகப் பிரித்தார். பூச்சி வந்து உட்கார விரும்பாதது ஒன்று. வந்து தின்றாலும் வளரவோ பெருகவோ முடியாதது இரண்டாவது. பூச்சி வழக்கம்போலத் தின்னும், ஆனாலும் விளைச்சல் பெரிதாகக் குறையாது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதுக்குத் தாங்குதிறன் என்று பெயர்.

நம் கவனத்துக்கு அதிகம் வராதது இந்தத் தாங்குதிறன். தூர்கட்டும் பருவத்தில் தண்டுத்துளைப்பான் சில குருத்துகளைக் காயவைத்தால் நெல் புதுத் தூர் விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். இளம்பயிரில் இலைச்சுருட்டுப் புழு தின்ற இலைகளுக்குப் பதிலாகப் புது இலைகள் வந்துவிடும். 1990களில் வியட்நாமின் மேகாங் டெல்டாவில், விதைத்த முதல் 40 நாட்களுக்குப் பூச்சிமருந்து தேவையில்லை என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து பெரிய அளவில் பிரசாரம் நடந்தது இதை நம்பித்தான். ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியும் சேதம் வேறு, அறுவடையில் தெரியும் நஷ்டம் வேறு. கதிர் வந்த பிறகு தண்டு துளைபட்டு, மணி பிடிக்காத வெண்கதிர் ஆவதைப் பயிரால் முழுதாக ஈடுகட்ட முடியாது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

தாங்குதிறனில் இன்னொரு நன்மை: அது பூச்சியை நெருக்குவதில்லை, அதனால் பூச்சி அதை உடைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கூடவே ஒரு சிக்கலும் உண்டு. வைரஸைத் தாங்கும் செடி வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே பக்கத்து வயலுக்கு வைரஸைப் பரப்பும்.

எதிர்ப்பு ஏன் உடைகிறது

1973இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐ.ஆர். 26 ரகம் வந்தது. நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சிக்கு எதிரான ஒரு மரபணு அதில் இருந்தது. பெரும் பரப்பில் அதையே நட்டார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த மரபணுவைச் சட்டைசெய்யாத புகையான் வகை பெருகிவிட்டது. அடுத்த மரபணுவோடு 1976இல் ஐ.ஆர். 36 வந்தது. கோதுமையிலும் இதே கதை. ரை என்ற தானியப் பயிரிலிருந்து வந்த எஸ்.ஆர். 31 என்ற மரபணு தண்டுத் துரு நோயைப் பல பத்தாண்டுகள் தடுத்துவைத்திருந்தது. 1998இல் உகாண்டாவில் அதை மீறும் பூஞ்சை வகை கண்டறியப்பட்டது. யு.ஜி. 99 என்ற பெயரில் அது உலகத்துக்கே கவலையானது.

பூச்சியோ பூஞ்சையோ திட்டம் போட்டு மாறுவதில்லை. கோடிக்கணக்கில் பெருகும்போது எங்கோ ஒன்றில் தற்செயலாக அந்த மாற்றம் இருக்கும். மற்றவை எல்லாம் எதிர்ப்பு ரகத்தில் செத்துவிட, அந்த ஒன்றுக்கு மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை போட்டியில்லாத சாப்பாடு. ஒரே ரகத்தை எவ்வளவு பரப்பில் நடுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் இது நடக்கும். 1970இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் 15 சதவீதம் இலைக்கருகலில் போனதற்குக் காரணம், வயல்களில் பெரும்பகுதி ஒரே வகை ஆண்மலட்டுத் தன்மை (நல்ல மகரந்தம் உண்டாகாத தன்மை) கொண்ட ரகங்களாக இருந்ததும், அந்தத் தன்மையையே குறிவைக்கும் பூஞ்சை வகை தோன்றியதும்தான்.

எல்லா எதிர்ப்பும் இப்படி ஒடிந்துவிடுவதில்லை. கோதுமையின் எல்.ஆர். 34 என்ற மரபணு நோயை அடியோடு தடுக்காது, மெதுவாக்கும். துரு வரும், ஆனால் தாமதமாக, குறைவாக வரும். இலைத் துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய் என்று பலவற்றுக்கும் சேர்த்து அது வேலை செய்கிறது. ஏறக்குறைய நூறாண்டாக வயலில் இருந்தும் இன்னும் உடையவில்லை. அது இருக்கும் செடியில் இலை நுனி சீக்கிரம் காய்ந்துபோகும். அதுதான் அந்த எதிர்ப்புக்குச் செடி கொடுக்கும் விலை. துளிகூடப் புள்ளி இல்லாத ரகத்தைவிட, கொஞ்சம் புள்ளி வந்து அதோடு நிற்கும் ரகம் நீண்ட நாள் கைகொடுக்கலாம் என்பது பலருக்கு ஏற்றுக்கொள்ளச் சிரமமாக இருக்கிறது. எனக்கு இதுதான் இந்தத் துறையின் மிக முக்கியமான செய்தியாகப் படுகிறது.

இன்னொரு வழி, கிருமிக்குத் தேவையானதைக் கொடுக்காமல் இருப்பது. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோயில், பாக்டீரியா உள்ளே அனுப்பும் ஒரு புரதம், சர்க்கரையை வெளியேற்றும் நெல்லின் சொந்த மரபணு ஒன்றை முடுக்கிவிடுகிறது. வெளியே வரும் சர்க்கரை பாக்டீரியாவுக்குத் தீனி. அந்த மரபணுவை முடுக்கும் பகுதியின் அமைப்பு மாறியிருக்கும் நெல்லில் பாக்டீரியாவால் சர்க்கரையை வாங்க முடிவதில்லை. இதற்கு எக்ஸ்.ஏ. 13 என்று பெயர். இதையும், ஆப்பிரிக்கக் காட்டு நெல் ஒன்றிலிருந்து வந்த எக்ஸ்.ஏ. 21ஐயும், எக்ஸ்.ஏ. 5ஐயும் ஒன்றாகச் சேர்த்து 2008இல் இந்தியாவில் மேம்படுத்திய சம்பா மசூரி வெளிவந்தது. மூன்று வெவ்வேறு வகைத் தடைகளை ஒரே நேரத்தில் தாண்டும் மாற்றம் ஒரே பாக்டீரியாவில் கூடிவருவது மிக அரிது.

மரபணு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வயல் நிலைமை அதைக் கவிழ்த்துவிடலாம். தக்காளியில் வேர்முடிச்சு நூற்புழுவைத் தடுக்கும் மரபணு, மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சரியாக வேலை செய்யாது. தழைச்சத்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் இலை மெதுமெதுவென்று ஆகி, சாற்றில் சத்தும் கூடி, குலை நோய்க்கும் புகையானுக்கும் வசதியாகிவிடும். தற்காப்புக்குச் செலவழிக்கும் ஆற்றல் வளர்ச்சிக்குப் போகும் அதே சேமிப்பிலிருந்துதான் வர வேண்டும். வேகவேகமாக வளரும்படி நாம் தூண்டும் செடியில் அந்தப் பங்கு குறைந்துபோகிறது.

ஒரே வயலில் பல வகை எதிர்ப்புகளைக் கலந்து வைப்பதும் ஒரு வழி. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 1998, 1999 ஆண்டுகளில் இதை ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் செய்துபார்த்தார்கள். விலை அதிகம் கிடைக்கும் பசை நெல் குலை நோய்க்குச் சுலபமாக விழும். அதைத் தனியாக நடாமல், எதிர்ப்புள்ள ஒட்டு ரகத்தின் நாலைந்து வரிசைகளுக்கு நடுவே ஒரு வரிசையாக நட்டார்கள். ஒரு பசை நெல் வரிசையிலிருந்து கிளம்பிய வித்துகள் அடுத்த பசை நெல் வரிசையைச் சேர்வதற்குள் இடையில் உள்ள எதிர்ப்பு ரகத்தில் விழுந்து வீணாயின. பசை நெல் உயரமானது, மற்ற ரகத்துக்கு மேலே தலைநீட்டி நின்றதால் காற்றும் வெயிலும் பட்டு இலை சீக்கிரம் உலர்ந்தது. தனியாக நட்டதோடு ஒப்பிட்டால் பசை நெல்லில் குலை நோயின் தீவிரம் 94 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 89 சதவீதம் கூடியது. இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் அந்த வயல்களில் குலை நோய்க்கு மருந்து தெளிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.